பற்ற வைக்கும் முன் முகர்ந்து பாருங்கள்

ஊதுபத்திக் கடையில் நாம் எல்லோரும் செய்கிற காரியம்தான். பாக்கெட்டை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மல்லிகையா சந்தனமா என்று முகர்ந்து பார்த்து வாங்கி வருவோம். வீட்டில் கொளுத்தினால் வேறு மணம் வரும். மல்லிகை எங்கோ பின்னால் நிற்கும், கரித்தூள் எரிகிற வாடை முன்னால் வந்து நிற்கும். சாம்பிராணி இதற்கு நேர்மாறு. கட்டியாக இருக்கும்போது அடக்கமாக மணக்கும், தணலில் போட்டால் தெருமுனை வரைக்கும் போகும்.

சுருட்டு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: "முகர்ந்தபோது கோகோ மாதிரி இருந்தது, பற்ற வைத்தால் வெறும் மிளகுக் காரம். ஏமாற்றிவிட்டார்களா?" இல்லை. பற்ற வைக்காத சுருட்டின் மணம், அந்த இலை கடந்து வந்த வழியைச் சொல்கிறது. எப்படி உலர்ந்தது, எப்படிப் பாடம் செய்தார்கள் (பதப்படுத்தினார்கள்), எந்தப் பெட்டியில் எவ்வளவு நாள் கிடந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். இனி வரப்போகும் சுவையைப் பற்றி அதற்குப் பாதிதான் தெரியும். அந்தப் பாதியைக் கேட்டு வாங்கப் பழகுவதுதான் இங்கே வேலை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புகையை நெஞ்சுக்குள் இழுக்காமல் வாயோடு விட்டாலும், சுருட்டால் வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரலாம். நிகோடின் பழக்கமும் ஒட்டிக்கொள்ளும். பிடிக்காதவரைப் பிடிக்கச் சொல்ல நான் வரவில்லை. விற்பனைக்கு வயது வரம்பும் உண்டு: இந்தியாவில் பொதுவாக 18, இலங்கையில் 21. என் நண்பர் ஒருவர் புகையை விட்டுப் பல வருடம் ஆகிறது. இன்னும் என் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக முகர்ந்துவிட்டு, திருப்பி வைத்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போவார். எங்கள் இருவரில் நல்ல மூக்கு அவருடையதுதான்.

எதை வைத்துப் பழகுவது

வனிலா, ரம், காப்பி என்று வாசனை ஏற்றிய சுருட்டுகளை இந்தப் பாடத்துக்கு எடுக்காதீர்கள். அவற்றில் மணப்பது இலை அல்ல, இலைமேல் ஏற்றிய சரக்கு. சிலவற்றில் வாயில் வைக்கும் முனையிலேயே இனிப்பு தடவியிருப்பார்கள்.

கையால் சுருட்டிய சாதாரணச் சுருட்டில் இரண்டு ரகம், ரகத்துக்கு இரண்டாக வாங்குங்கள். ஒரு ரகம் வெளிர் பழுப்பு மேலிலை உள்ளதாக இருக்கட்டும். கடையில் கனெக்டிகட் ஷேட் என்பார்கள், துணிப்பந்தல் நிழலில் வளர்த்த இலை. இன்னொன்று கருப்பாக, எண்ணெய்ப் பசையோடு இருக்கும் மதுரோ. ஸ்பானிய மொழியில் மதுரோ என்றால் பழுத்தது. மதுரைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அளவு ரொபஸ்டோ போதும்: சுமார் 5 அங்குல நீளம், 50 ரிங். ரிங் என்பது ஒரு அங்குலத்தை 64 பங்காக்கினால் வரும் ஒரு பங்கு. 50 ரிங் என்றால் கிட்டத்தட்ட 2 செ.மீ. குறுக்களவு.

நம்ம ஊர்ச் சுருட்டில் பழகக் கூடாதா என்று கேட்கலாம். ஆங்கிலக்காரன் சொல்லும் செரூட் என்ற சொல்லே நம் சுருட்டிலிருந்து போனதுதான், திருச்சிச் சுருட்டு ஒரு காலத்தில் கப்பலேறி இங்கிலாந்து வரை போனது. தாராளமாகப் பழகலாம். இரண்டு முனையும் திறந்தே இருப்பதால் வெட்டுகிற வேலையும் இல்லை. ஆனால் காட்டம் அதிகம். முதல் நாளே அதில் இறங்கினால் தலை சுற்றும், மூக்கு சொல்வது எதுவும் மனதில் நிற்காது. பத்தாவதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இருப்பது மூன்று விதமான இலை. நடுவில் உள்ளிலை, அதைக் கட்டிப் பிடிக்க ஒரு கட்டிலை, மேலே அழகுக்கும் மணத்துக்கும் மேலிலை. மேலிலை எடையில் கொஞ்சம்தான். ஆனால் நம் மூக்கு முதலில் சந்திப்பது அதைத்தான். பாதிக் குழப்பம் இங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. கருத்த மேலிலைக்குள் சாதுவான உள்ளிலையும் இருக்கலாம், வெளுத்த மேலிலைக்குள் செடியின் உச்சியில் வெயில் குடித்த லிகேரோ இலையும் இருக்கலாம். நிறத்தைப் பார்த்துக் காட்டத்தைச் சொல்ல முடியாது. முகர்ந்து பார்த்தும் சொல்ல முடியாது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும்

என் முதல் நல்ல சுருட்டு, துபாயிலிருந்து வந்த உறவினர் கொடுத்தது. விசேஷ நாளுக்கு என்று பத்திரமாகத் துணி பீரோவில் வைத்தேன். இரண்டு மாதம் கழித்து எடுத்து முகர்ந்தால் பாச்சை உருண்டை வாடை. உறையைக் கழற்றினால் போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை. பற்ற வைத்தால் போய்விடும் என்று நினைத்தேன். முதல் இழுப்பிலேயே கல்யாணப் பட்டுப்புடவை எரிகிற மாதிரி ஒரு ருசி. அன்று தெரிந்துகொண்டேன்: புகையிலை பக்கத்தில் இருக்கிற வாடையை எல்லாம் குடித்துக்கொள்ளும்.

அதனால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றைப் பெருங்காயம், சோப்பு, ஊதுபத்தி எதுவும் வைக்காததாகப் பார்த்து எடுங்கள். ஈரப்பதத்தைச் சமமாக வைக்கும் சின்னப் பொட்டலங்கள் சுருட்டுக் கடைகளில் கிடைக்கும், 65 அல்லது 69 சதவீதம் என்று போட்டிருக்கும். ஒன்றை உள்ளே போட்டு மூடுங்கள். நம் கடற்கரை ஊர்களில் காய்ந்துபோவதைவிடப் பூஞ்சணமும் வண்டும்தான் பயம். 25 டிகிரிக்கு மேல் சூடு ஏறினால் புகையிலை வண்டின் முட்டை பொரித்து, குண்டூசியால் குத்தியது போல ஓட்டை விழும். வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையாகப் பார்த்து டப்பாவை வையுங்கள். ஏசி அறையில் திறந்து போட்டாலோ, ஒரு வாரத்தில் அப்பளமாகிவிடும்.

வாங்கியதில் ரகத்துக்கு ஒன்றை இந்த வாரம் பாருங்கள். மற்றதை இரண்டு மாதம் டப்பாவிலேயே விட்டுவிடுங்கள்.

முகர்வது

சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். காப்பி, வெற்றிலை, பாக்கு எதுவும் வாயில் வேண்டாம். கையை வாசனை சோப்பு போடாமல் வெறும் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். சளி பிடித்திருந்தால் இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

கண்ணாடித்தாள் உறையை உருவியவுடன் முதல் மூச்சை எடுங்கள். உறைக்குள் அடைந்து கிடந்த மணம் ஒரே நொடியில் வரும், அப்புறம் அவ்வளவு கெட்டியாகக் கிடைக்காது. பிறகு சுருட்டின் மேனி. ஒரு சின்ன வித்தை: நெல்லிக்காய் அளவு வாயைத் திறந்து, கண்ணாடியில் ஊதுகிற மாதிரி மேலிலைமீது ஒரு சூடான மூச்சு விடுங்கள். உடனே அந்த இடத்தை முகருங்கள். ஈரமும் சூடும் பட்ட இலை, சற்று முன் சொல்லாததைச் சொல்லும். மழை விழுந்தவுடன் மண் மணக்கிற கணக்குத்தான்.

வெளிர் இலையில் பெரும்பாலும் காய்ந்த வைக்கோல், மெல்லிய மரவாசனை கிடைக்கும். மதுரோவில் கோகோ, உலர்ந்த திராட்சை, சில சமயம் புதுச் செருப்புக் கடையின் தோல்வாசம். மாட்டுக் கொட்டகை ஞாபகம் வந்தால் முகம் சுளிக்காதீர்கள். வைக்கோலும் காய்ந்த சாணமும் கலந்த அந்த மணம், ஒழுங்காகப் பாடமான இலையின் அடையாளம். கோமியம் தேங்கிய மூலையின் நெடி, கண்ணைக் கரிக்கிற மாதிரி வந்தால்தான் கவலை. அதைப் பிறகு பார்ப்போம்.

அடுத்து, கொளுத்தப்போகும் முனை. இங்கே மூன்று இலையின் வெட்டுவாயும் திறந்திருப்பதால் மேலிலை மட்டுமல்லாமல் உள்ளிலையும் பேசும். மேனியில் கிடைத்ததும் முனையில் கிடைத்ததும் வேறுவேறாக இருந்தால், முனையை நம்புங்கள். நீளமாக ஒரே மூச்சாக இழுக்காமல், நாய் மோப்பம் பிடிப்பது போலக் குட்டிக் குட்டியாக நாலைந்து மூச்சு. அதற்குமேல் மூக்கு மரத்துவிடும். மரத்தால் உங்கள் முழங்கை மடிப்பை ஒருமுறை முகர்ந்துவிட்டுத் திரும்பி வாருங்கள். சொந்த உடம்பின் வாடை மூக்குக்குப் பழகியது என்பதால் அது சற்று ஓய்வெடுத்துக்கொள்ளும்.

வெறும் இழுப்பு

இப்போது வாய்முனையை மூடியிருக்கும் இலைத் தொப்பியை வெட்டுங்கள். ஒரு தீக்குச்சியின் பருமன் அளவுக்கு, அவ்வளவுதான். நிறைய வெட்டினால் மேலிலை பிரிந்து வரும். வெட்டியதும் நெருப்பு இல்லாமலே மூன்று நான்கு தடவை இழுத்துப் பாருங்கள். வெறும் காற்றுதான் வரும், ஆனால் இலைக்குள் நுழைந்து வந்த காற்று. வாய் வழியே வந்து, மூக்கின் பின்வாசலில் ஏறும்.

அந்தப் பின்வாசலைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் அஞ்சறைப் பெட்டியில் இருந்து ஒரு ஏலக்காய் எடுத்து வாருங்கள். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு மெல்லுங்கள். லேசான காரமும் கசப்பும் தவிர ஒன்றும் தெரியாது. விரலை எடுங்கள். சட்டென்று பாயசம் நினைவுக்கு வரும். நாம் சுருட்டின் சுவை என்று சொல்வதில் பெரும்பங்கு இப்படி மூக்கில் நடப்பதுதான். நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில ருசிகள்தான்.

என் அனுபவத்தில், முகர்வதைவிட இந்த வெறும் இழுப்புதான் முதல் அங்குலச் சுவைக்குக் கிட்ட வருகிறது. உதட்டையும் கவனியுங்கள். இலையில் உப்பு கரிக்கிறதா, லேசாகச் சுருக்கென்று குத்துகிறதா? குத்தினால் மிளகுக் காரம் வரக் காத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இழுக்கவே காற்று வரவில்லை என்றால் சுருட்டியது இறுக்கம், மணம் எவ்வளவு நன்றாக இருந்தும் பயன் இல்லை.

கிடைத்ததை மூன்று சொல்லில் ஒரு தாளில் எழுதுங்கள். பெரிய வார்த்தை வேண்டாம். "வைக்கோல், மரப்பட்டறை, கொஞ்சம் வேர்க்கடலைத் தோல்" போதும். எழுதாவிட்டால் பற்ற வைத்த ஐந்தாவது நிமிடம், கோகோவை முகர்ந்ததாக நீங்களே நம்பிவிடுவீர்கள்.

கொளுத்துவது

பெட்ரோல் லைட்டர் வேண்டாம், மெழுகுவர்த்தியும் வேண்டாம். இரண்டும் தங்கள் வாடையை இலைக்குக் கொடுத்துவிடும். கேஸ் லைட்டர் நல்லது. தீக்குச்சி என்றால் மருந்து எரிந்து தீர்ந்து குச்சி எரியத் தொடங்கிய பிறகே அருகில் கொண்டுபோங்கள். முனையைச் சுடருக்குச் சற்று மேலே பிடித்துச் சுற்றிச் சுற்றி வாட்டி, ஓரம் எல்லாம் சிவந்த பிறகு வாயில் வையுங்கள். நிமிடத்துக்கு ஒரு இழுப்பு. புகை வாயோடு நிற்கட்டும். சுருட்டுப் புகை காரத்தன்மை உள்ளது (மிளகுக் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான காரம்), அதனால் நிகோடின் வாயின் தோல் வழியாகவே உடம்பில் இறங்கிவிடும். நெஞ்சுக்குள் இழுத்துவிட்டு வாந்தி எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பழகிய பின், வாயில் இருக்கும் புகையில் ஒரு சிட்டிகை அளவை மட்டும் மூக்கு வழியே விட்டுப் பாருங்கள். முழுவதையும் விட்டால் மூளையில் மிளகாய்ப் பொடி தூவியது போல இருக்கும்.

எது தாண்டி வரும், எது வராது

இனி தாளில் எழுதிய மூன்று சொல்லையும் வாயில் இருப்பதையும் ஒத்துப் பாருங்கள். இங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் ஒத்துப் பார்ப்பது எளிது.

பறித்த பச்சை இலையைக் கொட்டகையில் ஒன்றரை, இரண்டு மாதம் தொங்கவிட்டு உலர்த்துகிறார்கள். பச்சை போய்ப் பழுப்பு வருகிறது. பிறகு அம்பாரமாகக் குவிக்கிறார்கள். குவியலுக்குள் தானாகவே சூடு 40, 50 டிகிரி வரை ஏறும். ஏறியதும் பிரித்து, புரட்டி, மறுபடி குவிப்பார்கள். இதில்தான் அம்மோனியா வெளியேறுகிறது, நிகோடினும் கொஞ்சம் குறைகிறது. கேரட்டுக்கு நிறம் தருகிற கரோட்டினாய்டுகள் புகையிலையிலும் உண்டு. அவை இந்தக் காலத்தில் சிதைந்து வாசனைப் பொருள்களாகின்றன. மதுரோ இலைக்கு இந்தச் சூடும் நாளும் கூடுதல். நீங்கள் முகர்ந்த உலர்திராட்சை இங்கே பிறந்தது.

பற்ற வைத்ததும் நுனியில் இருக்கும் தணல் பல நூறு டிகிரிக்குப் போகிறது. அங்கே பழைய மணம் எதுவும் பிழைக்காது. எரிந்து, உடைந்து, புதிதாகச் சேர்ந்து வேறு மணங்கள் உண்டாகும். வறுத்த கடலை, கருகிய சர்க்கரை, காப்பிக்கொட்டை போன்றவை இப்படி நெருப்பில் பிறப்பவை. ஆனால் தணலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் இலை எரிவதில்லை. அங்கே வெந்து ஆவியான வாசனை எண்ணெய் புகையோடு சேர்ந்து வாய்க்கு வருகிறது. இட்லிப் பானைக்குள் ஆவி ஏறுவது மாதிரி. நீங்கள் முகர்ந்ததில் ஏதாவது தாண்டி வந்தால் இந்த வழியாகத்தான் வரும். வேக வேகமாக இழுத்தால் தணல் சூடாகிக் கசப்பு முந்திக்கொள்ளும். மெதுவாக இழுப்பவருக்குத்தான் முகர்ந்த மணம் திரும்பக் கிடைக்கிறது என்பதற்குக் காரணம் இதுவே.

மரவாசனை பெரும்பாலும் தாண்டி வரும். சுருட்டுப் பெட்டிக்குப் பயன்படுத்தும் ஸ்பானிஷ் செடார் பெயரில்தான் செடார், உண்மையில் நம் வேப்பமரமும் மகோகனியும் சேர்ந்த குடும்பம். பெட்டியில் கிடக்கும்போது இலை அந்த மணத்தை ஏற்றுக்கொள்ளும். முதல் அங்குலத்தில் தெளிவாகக் கிடைத்துவிட்டு, பாதியில் காணாமல் போகும். பெட்டி கொடுத்தது அவ்வளவுதான், இலை கொடுத்ததல்ல.

கோகோ, தோல் இரண்டும் அரைகுறையாக வரும். முகர்ந்தபோது இனிப்புக் கோகோவாக இருந்தது, வாயில் சர்க்கரை போடாத கசப்புக் கோகோவாக மாறும். புகையில் நாக்குக்குத் தட்டுப்படும் சர்க்கரை பெரிதாக இல்லை. இனிப்பு மணத்தோடு மூளை போட்டுவைத்த முடிச்சு, கசப்பு வந்ததும் அவிழ்கிறது. "ஏமாற்றிவிட்டார்களா" என்ற கேள்வி பெரும்பாலும் மதுரோவில்தான் வருகிறது. வைக்கோலும் மாட்டுக் கொட்டகையும் கிட்டத்தட்ட வரவே வராது, வந்தாலும் முதல் இரண்டு இழுப்போடு சரி. பூவாசனை, புல்வாசனை போன்ற மெல்லியவையும் அப்படியே. மிளகுக் காரமோ எதிர்த்திசைக்காரன். முகர்ந்தால் அவ்வளவாகத் தெரியாது, பற்ற வைத்ததும் முதல் ஆளாக வந்து நிற்கும். அது மணம்கூட அல்ல, வாயிலும் மூக்கிலும் ஏற்படும் எரிச்சல்.

முகர்ந்ததும் பிடித்ததும் அச்சு அசலாக ஒத்துப்போகும் ஒரு வகை உண்டு: புகை காட்டிப் பாடம் செய்த இலை. இத்தாலியின் டோஸ்கானோ சுருட்டுக்கு எடுக்கும் கென்டக்கி இலையைக் கட்டை எரித்த புகையில் உலர்த்துகிறார்கள். யாழ்ப்பாணத்திலும் புகையிலைக்குத் தேங்காய் மட்டை எரித்துப் புகை போடும் வழக்கம் உண்டு. முகர்ந்தால் விறகடுப்புச் சமையலறை, பிடித்தாலும் அதே சமையலறை. அந்த மணம் ஏற்கெனவே ஒரு நெருப்பைப் பார்த்துவிட்டது, இன்னொரு நெருப்பு அதை மாற்றுவதில்லை.

இந்த ஒப்பீடு எல்லாம் முதல் பாதிக்குத்தான். கடைசி மூன்றில் ஒரு பங்கு வரும்போது, அதுவரை போன புகையின் ஈரமும் தாரும் வாய்முனைப் பக்கத்து இலையில் படிந்திருக்கும். அங்கே வரும் காட்டத்தை எந்த மூக்காலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

பற்ற வைக்கவே கூடாதவை

அம்மோனியா நெடி, அதாவது முன்பு சொன்ன கோமிய மூலை: இலை இன்னும் பாடம் முடிக்கவில்லை. குப்பையில் போடாதீர்கள், டப்பாவில் இரண்டு மூன்று மாதம் கிடக்கட்டும். பெரும்பாலும் அடங்கிவிடும். நீங்கள் தள்ளி வைத்த இரண்டாவது சுருட்டோடு ஒப்பிட்டால் இது நன்றாகப் புரியும்.

நனைந்த சாக்கு, பழைய அரிசிப்பானை வாடை: பூஞ்சணம். மேலே தூள் தெரிகிறதா என்று பாருங்கள். முனைக்குள் பஞ்சு மாதிரிப் படிந்திருந்தால் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள், பக்கத்தில் இருந்தவற்றையும் சோதியுங்கள்.

மணமே இல்லை: காய்ந்துவிட்டது. விரலால் லேசாக அமுக்கினால் நொறுங்குகிற சத்தம் கேட்கும். ஈரப்பொட்டலத்தோடு மெதுவாகத் தேற்றலாம். ஆனால் பறந்துபோன வாசனை எண்ணெய் திரும்பாது. சுருட்டு எரியும், சூடான காற்று மாதிரி ருசிக்கும்.

பாச்சை உருண்டை: ஒன்றும் செய்வதற்கில்லை. நான் முயன்று பார்த்துவிட்டேன்.

முடித்ததும் சுருட்டைச் சிகரெட் மாதிரி நசுக்காதீர்கள். சாம்பல் தட்டின் ஓரத்தில் வைத்தால் தானே அணையும். நசுக்கினால் கிளம்பும் நாற்றம் திரைச்சீலையில் மூன்று நாள் தங்கும், வீட்டில் இருப்பவர்கள் அதற்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.